வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைப் பட்டம்: பாதியில் நின்றால் யார் பொறுப்பு?

நேர்கோடு:
கொஞ்சம் காரமாவே சொல்றேன். பாதியில விட்டவங்க சொல்ற "நேரமில்லை"ங்கிறதெல்லாம் சாக்கு. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வளாகத்துக்கு வராதவங்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. அப்ப காணொளி உண்டா, வாட்ஸ்அப் குழு உண்டா? புத்தகத்தை வெச்சே படிச்சுப் பட்டம் வாங்கலையா?

இரவுவாசகன்:
வாங்கினவங்க கதை நமக்கு வந்து சேர்ந்திருக்கு. விட்டவங்க கதையை யார் எழுதி வெச்சாங்க? எனக்குப் பகல்ல வேலை, சாயங்காலம் படுக்கையில இருக்கிற அம்மா. அதுக்கப்புறம் உட்கார்ந்தா ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதைக்கூடச் சமாளிச்சுக்கலாம். முதல் ஒப்படைப்பு திருத்தி வர்றதுக்குள்ள ரெண்டாவதையும் அனுப்பியாச்சு. வந்ததுல இருந்தது ஒரே வரி: "நன்று, இன்னும் விளக்கமாக எழுதவும்." எந்த இடத்தை?

நேர்கோடு:
கையைப் பிடிச்சு எழுத வைக்கணுமா? வளர்ந்த ஆளு சார் நீங்க.

நூல்கண்டு:
நான் பாடம் நடத்துற பக்கத்து ஆள். "வளர்ந்த ஆளு"ன்னு சொல்லித்தான் எங்க நிறுவனமும் தப்பிக்குது. தொலைநிலைக் கல்வியை ஆராய்ஞ்ச மைக்கேல் மூர், இங்க தூரம்னா ஊர்க்கணக்கு இல்லை, ஆசிரியர்–மாணவர் புரிதல்ல விழற இடைவெளின்னார். பேச்சு குறையக் குறைய அது கூடும், மாணவர் தலையில சுமையும் ஏறும். பிரிட்டனில் 1969-ல் தொடங்கின திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி கேட்காமலே சேர்த்துக்கிட்டது. கூடவே ஒப்படைப்பைத் திருத்திக் கருத்து எழுத ஆசிரியர்களையும் வெச்சது. நம்மாளுங்க முதல் பாதியை மட்டும் காப்பி அடிக்கிறாங்க.

மறுபடிமாணவி:
நேரலை வகுப்பு மதியம் மூணு மணிக்கு! வேலைக்குப் போறவங்களுக்கான படிப்பாம். வகுப்போட காணொளிப் பதிவைப் பார்த்தா, ஆசிரியர் "இந்தப் படத்தைப் பாருங்க"ங்கிறார், திரையில அவர் முகம்தான் தெரியுது. மேற்கோளுக்கு அடிக்குறிப்பு போடுறது எப்படின்னு கேட்டா, அது பள்ளியிலேயே தெரிஞ்சிருக்கணுமாம். நான் பள்ளியை விட்டு எத்தனை காலமாச்சு.

நேர்கோடு:
சரி, மதிய வகுப்பு அபத்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா கருத்து எழுத ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். கட்டணத்தை ஏத்தினா இங்கயே வந்து கத்துவீங்க.

இரவுவாசகன்:
ஏத்தட்டும். இப்ப வாங்குற கட்டணம் எதுக்குப் போகுதுன்னு முதல்ல கணக்குக் காட்டட்டும்.