சிறுமூளையில் அத்தனை நியூரான் இருந்தும் நனவு ஏன் அதை நம்பி இல்லை?

தேன்சிட்டு:
மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள். அதில் 6,900 கோடி சிறுமூளையிலேயே இருக்கின்றன. பெருமூளையின் வெளி அடுக்கான புறணிக்கு 1,600 கோடிதான். ஆனால் 2014-இல் வெளியான ஒரு சீன மருத்துவ அறிக்கையில், தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுத்த 24 வயதுப் பெண்ணுக்குச் சிறுமூளையே இல்லை. நடை தள்ளாட்டம், லேசான பேச்சுக் குழறல் உண்டு, நனவில் குறையில்லை. வலிப்பில் மூளை முழுக்க செல்கள் ஆவேசமாகத் துடிக்க, ஆள் நினைவிழக்கிறார். அப்படியானால் நனவுக்கு எதுதான் முக்கியம்? அதை அளக்க முடியுமா?

மருதம்:
எண்ணிக்கையை விடுங்கள், இணைப்பைப் பாருங்கள். சிறுமூளையின் சுற்றுகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள். ஒரு பகுதி செய்வது பக்கத்துப் பகுதிக்கு அவ்வளவாக எட்டாது. புறணியிலும், மூளையின் நடுவே சமிக்ஞைகளைக் கடத்தும் தலாமஸிலும் சமிக்ஞை போன இடத்திலிருந்து திரும்பி வரும், வெவ்வேறு பகுதிகள் ஒன்றையொன்று மாற்றும். வலிப்பில் எல்லாச் செல்களும் ஒரே தாளத்தில் துடிப்பதால் பகுதிகளுக்கிடையிலான வேறுபாடு அழிந்துவிடுகிறது.

மூளைத்தண்டிலுள்ள பான்ஸையும் பாருங்கள். அதன் முன்பக்கம் சிதைந்தால் கை, கால், பேச்சு எல்லாம் போகும். ஆனால் நனவு இருக்கும், கண்ணை மேலும் கீழும் அசைத்துப் பதில் சொல்வார். பின்பக்கத்தின் மேற்பகுதி இருபுறமும் சிதைந்தால் கோமா. புறணியை விழிப்பில் வைத்திருக்கும் பாதை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வெண்கொக்கு:
அளக்கலாம். மண்டையோட்டின் மேல் காந்தச் சுருளை வைத்து புறணியில் ஒரு துடிப்பைக் கொடுத்து, அதன் எதிரொலியை தலையில் 60 மின்முனைகள் பொருத்தி மூளையின் மின்அலைகளைப் பதியும் இஇஜியில் பிடிப்பார்கள். 2005-இல் நரம்பியல் ஆய்வாளர் மாசிமினியின் குழு காட்டியது: விழித்திருப்பவரிடம் எதிரொலி ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட் வரை இடம் மாறி மாறிப் பரவுகிறது, ஆழ்ந்த தூக்கத்தில் தட்டிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. தூக்கத்தில் செல்கள் துடிப்புக்குப் பதில் தந்த கையோடு சிறிது நேரம் மௌனமாகிவிடுகின்றன, சங்கிலி அறுந்துபோகிறது.

அந்த எதிரொலியைக் கணினிக் கோப்பு போலச் சுருக்கி, எவ்வளவு சுருங்க மறுக்கிறது, அதாவது எவ்வளவு சிக்கலானது என்று பார்ப்பதுதான் பிசிஐ எண். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டது, எல்லைக்கோடு 0.31. புரோபோஃபால், செனான் மயக்கத்தில் எண் கோட்டுக்குக் கீழே இறங்கும். கெட்டமின் என்ற மயக்க மருந்தில் ஆள் அசையாவிட்டாலும் எண் விழிப்பில் இருக்கும் அளவுக்கு நிற்கும்; எழுந்த பிறகு அவர்கள் கனவுகளைச் சொல்கிறார்கள்.

தேன்சிட்டு:
அப்படியென்றால் 0.31-க்குக் கீழே வந்தால் நனவு இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

வெண்கொக்கு:
கூடாது. சிதைந்த திசுவின் மேல் சுருளை வைத்தால் எதிரொலியே வராது. எம்ஆர்ஐ பார்த்து உயிருள்ள இடங்களைத் தேர்ந்தெடுத்து, பல இடங்களில் கிடைத்ததில் உயர்ந்த எண்ணை எடுக்க வேண்டும். நோயாளி தூங்கிவிட்டாலும் எண் சரியும், கண் திறந்திருக்கும்போது எடுங்கள்.

எண் தவறாக உயர்ந்து தெரியவும் வாய்ப்புண்டு. சுருள் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒலிக்கும். காது அதைக் கேட்டால் 100, 200 மில்லிசெகண்டில் உச்சந்தலையில் அலைகள் எழும், அவை காந்தத் துடிப்பின் பதில் அல்ல. காதில் இரைச்சல் ஒலி போட்டு, சுருளுக்கும் தலைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் வைக்க வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கம் தட்டினால் தசை இழுத்து முதல் மில்லிசெகண்டுகளையே மூடிவிடும். சுருளை நடுக்கோட்டை நோக்கி நகர்த்துங்கள். 20 துடிப்புகளின் சராசரியில் முதல் 50 மில்லிசெகண்டுக்குள் தெளிவான அலை தெரியாமல் 200 துடிப்பு கொடுத்துப் பயனில்லை.

2016 ஆய்வில், குறைந்த அளவு நனவுள்ள 38 பேரில் 36 பேரை இந்த எண் சரியாகக் கண்டுபிடித்தது. பதிலே தராதவர்கள் என்று வகைப்படுத்திய 43 பேரில் 9 பேருக்கும் எண் உயர்ந்தே இருந்தது. படுக்கையருகே பேசும்போது இந்த 9 பேரை மனதில் வையுங்கள்.

மருதம்:
ஒன்று சேர்க்கிறேன். நனவு இருக்கிறதா என்பதைத்தான் இது சொல்லும். மின் துடிப்பு எப்படி அனுபவமாகிறது என்பதைச் சொல்லாது. அதற்கான இரு பெரிய கோட்பாடுகளை, ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டையும் (தகவல் பிரிக்க முடியாதபடி ஒன்றிணைவதே நனவு என்பது) உலகளாவிய பணிவெளிக் கோட்பாட்டையும் (தகவல் மூளை முழுக்க ஒலிபரப்பாவதே நனவு என்பது), படங்கள் காட்டி 256 பேரை வைத்து நேருக்கு நேர் சோதித்த முடிவு 2025-இல் வந்தது. முன்னதற்குப் பின்புறணியில் நீடிக்க வேண்டிய ஒத்திசைவு கிடைக்கவில்லை; பின்னதற்குப் படம் மறையும்போது முன்புறணியில் எழவேண்டிய எழுச்சி கிடைக்கவில்லை.