25 வாரம்: குளுக்கோஸ் சோதனைக்கு முன்னாடி சோத்தைக் குறைக்கணுமா?

புங்கோல்_தாமரை

வணக்கம் அக்காமார்களே. எனக்கு 25 வாரம், தலைப்பிள்ளை. அடுத்த வாரம் குளுக்கோஸ் தண்ணி குடிக்கிற சோதனைக்கு நாள் குறிச்சிருக்காங்க. வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "இப்பவே சோத்தை நிறுத்திடு, அப்பத்தான் சரியா வரும்"னு மாமியார் சொல்றாங்க. ஊர்ல இருந்து அம்மா, "140க்குக் கீழ இருந்தா ஒண்ணுமில்ல"ங்கிறாங்க. இங்க சிங்கப்பூர்ல மருத்துவமனை கொடுத்த தாள்ல 5.1, 10.0, 8.5னு போட்டிருக்கு. எதை எடுத்துக்கிறது?

குமட்டல் இன்னும் முழுசா விடல. குடிச்சதும் வாந்தி வந்துட்டா என்ன செய்வாங்க? சக்கரைன்னு வந்துட்டா நம்ம சாப்பாட்டை எப்படி மாத்தறது? ஏழாம் மாசம் வளைகாப்பு வேற வெச்சிருக்காங்க. இரும்பு மாத்திரை போட்டா வயிறு கட்டிக்குது, அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

தாதி_கலா

தாமரை, சோத்தை நிறுத்தாதீங்கம்மா. மாமியார் அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா விளைவு தலைகீழா வரலாம். சில நாள் மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சுட்டா உடம்பு அதுக்குப் பழகி, இன்சுலினை மெதுவா சுரக்க ஆரம்பிச்சுடும். அந்த நிலையில திடீர்னு 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனா, சக்கரை இல்லாதவங்களுக்குக்கூட எண் ஏறிக் காட்டும். சோதனைக்கு முந்தின 3 நாளும் எப்பவும் சாப்பிடுற மாதிரியே சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் சாப்பிடுங்க.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 8லிருந்து 10 மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணி குடிக்கலாம், குடிக்கவும் வேணும். தண்ணியே குடிக்காம வந்தா நரம்பு சுருங்கி, ஊசி குத்துறது சிரமமாயிடும். காப்பி, பால், மிட்டாய், சூயிங்கம் எதுவும் கூடாது. சாயங்காலம் 6 மணிக்கே சாப்பிட்டு முடிச்சிட்டு மறுநாள் 10 மணிக்கு வர்றவங்க இருக்காங்க. அவ்வளவு நீளமான பட்டினியும் எண்ணைக் குழப்பும். காலையில முதல் நேரமா கேட்டு வாங்குங்க.

அங்க போனதும் வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணி, ஏறக்குறைய ஒரு டம்ளர். 5 நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். முதல் மடக்குல இருந்து நேரம் ஓட ஆரம்பிக்கும்: 1 மணி நேரத்துல ஒண்ணு, 2 மணி நேரத்துல ஒண்ணு. ஆக மூணு தடவை ரத்தம். நடுவுல உட்கார்ந்தே இருங்க. பேரங்காடிப் பக்கம் ஒரு சுத்து நடந்துட்டு வந்தா தசை சக்கரையை இழுத்துக்கும், எண் பொய்யாக் குறையும்.

குமட்டல் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. குளிர வெச்சுக் கொடுத்தா பலருக்கு இறங்கும். உறிஞ்சி உறிஞ்சி, ஆனா அந்த 5 நிமிஷத்துக்குள்ள. குடிச்சதும் நிமிர்ந்து உட்காருங்க, மெதுவா மூச்சு விடுங்க. வாந்தி எடுத்துட்டா மறைக்காம தாதிகிட்ட சொல்லணும். அந்தச் சோதனை செல்லாது, வேற நாள் தருவாங்க. காய்ச்சல் இருந்தாலும் தள்ளி வைக்கணும். குழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அது சில நாளுக்குச் சக்கரையை ஏத்தி வைக்கும்.

இப்ப அந்த எண்கள். உங்க தாள்ல இருக்கிறது மில்லிமோல் கணக்கு. வெறும் வயித்துல 5.1, 1 மணி நேரத்துல 10.0, 2 மணி நேரத்துல 8.5. இந்த மூணுல ஏதாவது ஒண்ணு அந்த எண்ணைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவுன்னு எடுத்துக்குவாங்க. மத்த ரெண்டும் நல்லா இருக்கேன்னு விடமாட்டாங்க. ஊர்க் கணக்கான மில்லிகிராமுக்கு மாத்த 18ஆல் பெருக்குங்க: 92, 180, 153.

அம்மா சொல்ற 140 பொய்யில்ல, அது வேற சோதனை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாட்டியும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை பார்க்கிற முறை இருக்கு. அதுக்கு எல்லை 140. இங்க எடுக்கிற சோதனையோட அதை ஒப்பிடக்கூடாது.

இன்னொண்ணு. சக்கரைன்னு வந்தா, "இனிப்பு சாப்பிட்டே, அதான்"னு யாராவது சொல்வாங்க. நஞ்சுக்கொடியில சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாம தடுக்கும். நஞ்சு வளர வளர அந்தத் தடுப்பும் கூடும். அதனாலதான் 24லிருந்து 28 வாரத்துக்குள்ள பார்க்கிறாங்க. உங்க தப்பு எதுவும் இல்ல.

உணவியல்_மீனா

கலா அக்கா சோதனையைச் சொல்லிட்டாங்க, நான் தட்டுக்கு வர்றேன்.

சக்கரைன்னு வந்தாலும் சோறு போகாது. கர்ப்பத்துல ஒரு நாளைக்குக் குறைஞ்சது 175 கிராம் மாவுச்சத்து வேணும். அதுக்கும் கீழ போனா உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோனை உண்டாக்கும்; குழந்தைக்கு அது நல்லதில்ல. செய்ய வேண்டியது, அந்த மாவுச்சத்தை 3 வேளைச் சாப்பாடு, 3 சிற்றுண்டின்னு பிரிச்சு வைக்கிறதுதான். தொடக்கத்துல காலைக்கு 30 கிராம், மதியமும் இரவும் 45 கிராம், சிற்றுண்டி ஒவ்வொண்ணுக்கும் 20 கிராம்னு வெச்சுப் பார்க்கலாம். அப்புறம் உங்க எண்ணைப் பார்த்து உணவியலாளர் கூட்டுவார், குறைப்பார்.

காலை வேளைக்கு மட்டும் ஏன் குறைவு? விடியற்காலையில கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறி நிக்கும், இன்சுலின் அப்ப சரியா வேலை செய்யாது. மதியம் எந்தக் கோளாறும் பண்ணாத 3 இட்லி, காலையில எண்ணை எகிற வைக்கும். இதைப் புரிஞ்சுக்காம "இட்லியே ஆகாது"ன்னு பலர் முடிவு கட்டிடறாங்க.

கணக்கு இதோ. நடுத்தர இட்லி ஒண்ணுல 10லிருந்து 12 கிராம். வீட்டு தோசை ஒண்ணுல 20 கிராம் அளவு. ரொட்டித் துண்டு ஒண்ணு 15. காப்பிக் கடை பரோட்டா ஒண்ணு 30ஐத் தொடும். வெந்த சோறு 200 கிராம், அதாவது ஒரு கிண்ணம், 55 கிராம். உணவங்காடி பிரியாணித் தட்டுல இருக்கிறது பெரும்பாலும் ரெண்டு கிண்ணத்துக்குப் பக்கம். பாதியைப் பெட்டியில கட்டிக்குங்க.

காலைக்கு 2 இட்லி, கூட ஒரு அவிச்ச முட்டை, பருப்பு கெட்டியா இருக்கிற சாம்பார். சைவம்னா முட்டைக்குப் பதிலா வறுத்த டோஃபு, இல்லேன்னா ஒரு கைப்பிடி சுண்டல் (சுண்டலுக்கு மட்டும் கொஞ்சம் மாவுச்சத்தைக் கணக்குல சேர்த்துக்குங்க). தண்ணியா ஓடுற சாம்பார்ல பருப்பு இருக்கிறதா நினைக்கிறதுதான் நம்ம வீட்டுப் பெரிய ஏமாத்தம். மாவு தோசையை விட அடையும் பெசரட்டும் மேல், பருப்பு கூடுதலா இருக்கு. மதியம் முதல்ல கீரை, பொரியல், மீன், கடைசியில சோறு. அதே சோறுதான், வரிசையை மாத்தினதுலயே எண் குறையும். சாப்பிட்டதும் 10, 15 நிமிஷம் வீட்டுப் புளோக்குக்குக் கீழ நடங்க.

குடிக்கிறதுல கவனம் வேணும். காப்பிக் கடையில தேத்தண்ணிக்கு வெறும் "தே"ன்னு கேட்டா கெட்டிப்பால் ஊத்தித் தருவாங்க, அது முழுக்கச் சக்கரை. "தே சி கோசோங்" கேளுங்க, ஆவிப்பால் ஊத்தி, சீனி போடாமத் தருவாங்க. பழச்சாறு வேணாம், பழமா சாப்பிடுங்க, ஒரு தடவைக்கு ஒரு சின்ன ஆப்பிள் அளவு. மைலோவும் பார்லியும் உடம்புக்கு நல்லதுன்னு ஊத்திக் கொடுப்பாங்க, அதுலயும் சீனி இருக்கு.

மீன்ல ஒரு எச்சரிக்கை. சுறாப்புட்டு சத்துன்னு செஞ்சு அனுப்புவாங்க. சுறாவுலயும் வாள்மீன்லயும் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பத்துல வேணாம். நெத்திலி, மத்தி தாராளமா.

வளைகாப்பு: தேதியை மாத்த வேண்டாம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சக்கரைப் பொங்கல்னு அஞ்சு சாதம் ஒரே இலையில வரும், அஞ்சும் மாவுச்சத்து. உட்காரும் முன்னாடியே சுண்டலும் காயும் கொஞ்சம் சாப்பிட்டுடுங்க. இலையில ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கரண்டி வேணாம், ரெண்டு வாய் போதும். ஊட்டி விடறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. வீட்டுல மூத்தவங்க ஒருத்தர் பக்கத்துல நின்னு "போதும்"னு சொன்னா யாரும் வருத்தப்பட மாட்டாங்க. வளையல் வழக்கமா 2.4 போடறவங்க 2.6 வாங்குங்க. இந்த மாசங்கள்ல கை வீங்கும், கண்ணாடி வளையலை அழுத்தி ஏத்தினா உடைஞ்சு கிழிக்கும்.

ஈசூன்_நீலா

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு சக்கரைன்னு சொல்லி விரல்ல குத்திப் பார்க்கிற கருவி கொடுத்திருக்காங்க. சாப்பிட்ட பிறகு வர்ற எண் சரியா இருக்கு. வெறும் வயித்து எண்தான் 5.6, 5.7னு நிக்குது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடலாமா?

தாதி_கலா

நிறுத்தாதீங்க நீலா. முதல்ல எடுக்கிற முறையைச் சரிபாருங்க. கையைச் சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைங்க. விரல்ல மாம்பழச் சாறோ சட்னியோ ஒட்டியிருந்தா ரத்தத்துல இல்லாத சக்கரையைக் காட்டும். ஈரமா இருந்தா துளி கரைஞ்சு குறைச்சுக் காட்டும். விரல் நுனியில குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, வலியும் குறையும். அழுத்திப் பிழியாதீங்க, கையைத் தொங்கவிட்டா துளி தானா வரும். சோதனைப் பட்டைகளை அதுங்க வந்த டப்பாவுலயே வெச்சு, எடுத்ததும் மூடுங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல திறந்து கிடந்தா கெட்டுடும். சாப்பாட்டுக்குப் பிந்தின நேரத்தை முதல் வாய்ல இருந்து எண்ணணும், கை கழுவினதுல இருந்து இல்ல.

எல்லாம் சரியா இருந்தும் வெறும் வயித்து எண் நிக்குதுன்னா, அது ராத்திரிச் சாப்பாட்டால வர்றது இல்ல. தூங்கும்போது கல்லீரல் விடற சக்கரை அது. பட்டினி கிடந்தா கல்லீரல் இன்னும் கூடுதலா விடும். படுக்கப் போகும் முன்னாடி ஒரு டம்ளர் சீனி இல்லாத பால், அஞ்சாறு பாதாம் சாப்பிட்டுச் சில நாள் பாருங்க, சிலருக்கு இறங்கும். இறங்கலேன்னா ராத்திரி இன்சுலின் தருவாங்க. பயப்பட வேணாம், இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போறதில்ல. சர்க்கரை ஏறியே இருந்தாத்தான் அது குழந்தைக்குப் போகும், குழந்தை பெருத்துப் பிரசவம் சிரமமாகும். பொதுவா வைக்கிற இலக்கு வெறும் வயித்துல 5.3க்குக் கீழ, 1 மணி நேரத்துல 7.8க்குக் கீழ, 2 மணி நேரத்துல 6.7க்குக் கீழ, உங்க மருத்துவர் வேற எண் எழுதியிருந்தா அதைத்தான் பிடிக்கணும். தொடர்ந்து எல்லைக்கு மேல இருந்தா அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காம அழைச்சுச் சொல்லுங்க.

மருந்தாளர்_ரஃபியா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தாமரை தங்கச்சி, இரும்பு மாத்திரைக்கு வர்றேன்.

தேத்தண்ணி, காப்பிக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. அதுல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். கால்சியம் மாத்திரையும் பாலும் 2 மணி நேரம் தள்ளி. நிறைய பேர் எல்லா மாத்திரையையும் காலைத் தேத்தண்ணியோட ஒண்ணா முழுங்கிட்டு, ரத்தம் ஏறலேன்னு கவலைப்படறாங்க. இரும்பை எலுமிச்சைத் தண்ணியோட (சீனி வேணாம்) மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாடியும், கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோடவும் வைங்க. வெறும் வயித்துல புரட்டினா சாப்பாட்டோடயே போடலாம், கொஞ்சம் குறைவா சேரும், அவ்வளவுதான்.

மலம் கறுப்பாப் போறது மாத்திரையால, பயமில்ல. கட்டிக்கிட்டா தண்ணி, கீரை, ஊறவெச்ச சப்ஜா. அதுக்கும் அசையலேன்னா லாக்டுலோஸ் பாகு கர்ப்பத்துல கொடுக்கிறதுதான், கேட்டு வாங்குங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் சிலருக்குப் போதும், மருத்துவரைக் கேட்டு மாத்துங்க, நீங்களா நிறுத்தாதீங்க. இந்த மாசங்கள்ல ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ போனாத்தான் ரத்தசோகைன்னு சொல்வாங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டும் ஏறலேன்னா ஃபெரிட்டினும் (உடம்புல சேர்ந்திருக்கிற இரும்பு), தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) சோதனையும் பார்த்தாச்சான்னு கேளுங்க. தலசீமியா மரபு உள்ளவங்களுக்கு, இரும்பு போதுமான அளவு இருந்தாலும் எண் குறைவாவே இருக்கும்.

கக்குவான் இருமல் தடுப்பூசியை 16லிருந்து 32 வாரத்துக்குள்ள போடணும், இன்னும் போடலேன்னா இப்பவே கேளுங்க. பிரசவத்துக்கு முந்தின மருத்துவச் செலவுக்கு மெடிசேவ்ல (நம்ம மருத்துவச் சேமிப்புக் கணக்கு) 900 வெள்ளி வரை எடுக்கலாம். ரசீதுகளை ஒரே உறையில போட்டு வைங்க, பிரசவம் ஆகிற மருத்துவமனையில கேட்பாங்க.

புங்கோல்_தாமரை

ரொம்ப நன்றி அக்கா. இந்த எல்லாத்தையும் மாமியாருக்குப் படிச்சுக் காட்டிட்டேன், அவங்களே ராத்திரிக்குச் சோறு வெச்சுட்டாங்க. இன்னும் ஒண்ணு: சக்கரைன்னு வந்தா பிரசவத்தோட போயிடுமா?

தாதி_கலா

நஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலானவங்களுக்கு இறங்கிடும். ஆனா பிரசவமாகி 6லிருந்து 12 வாரத்துக்குள்ள இதே 75 கிராம் சோதனையைத் திரும்ப எடுக்கணும். குழந்தைக்குத் தடுப்பூசி போடுற அலைச்சல்ல நிறைய தாய்மாருக்கு இது விட்டுப்போகுது, பின்னால ரெண்டாம் வகை நீரிழிவு வர்ற வாய்ப்பு அவங்களுக்கு மத்தவங்களை விட அதிகம். சக்கரைன்னு வந்தா, வீடு திரும்பும் முன்னாடியே அந்தத் தேதியை வாங்கிக் கையில வெச்சுக்குங்க.

இடையில பார்வை மங்கல், விடாத தலைவலி, திடீர்னு முகமும் கையும் வீங்கறது, மேல்வயித்து வலி, தண்ணி கசியறது, ரத்தம் படறது, குழந்தையோட அசைவு குறையறது, இதுல எது வந்தாலும் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காதீங்க. ராத்திரி எந்நேரமா இருந்தாலும் பிரசவப் பிரிவுக்கு ஃபோன் பண்ணிட்டுக் கிளம்புங்க.