டிஸ்க் கோல்ஃப் (தட்டைக் கூடையை நோக்கி எறியும் விளையாட்டு): உங்கள் பிடியை மாற்றிய ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

வலக்கைக்காரன்:
பவர் கிரிப் (நான்கு விரல்களையும் டிஸ்கின் விளிம்புக்கு அடியில் மடக்கிப் பிடிப்பது) தெரிந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பயிற்சித் திடலில் எனக்குப் பின்னால் காத்திருந்த பெரியவர் ஒருவர், நான் டிரைவரை (நெடுந்தூர டிஸ்க்) எறியப் போகும் நேரத்தில் கைகாட்டி நிறுத்தி, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்; பிறகு டிஸ்கின் வெளிவிளிம்பைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார். முன்கை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தும் அது ஓசையின்றி வழுக்கிக்கொண்டு அவர் கைக்குப் போய்விட்டது. அடுத்து, என் ஆள்காட்டி விரலின் நுனியை ரிம்மின் (விளிம்பு வளையத்தின்) உள்மூலையில் பதித்து, கட்டைவிரலை ஏறத்தாழ அதற்கு நேர் மேலே வைத்து, மற்ற விரல்களைச் சற்றுத் தளர்த்தச் சொல்லி மறுபடியும் இழுத்தார். இம்முறை என் தோளே அவர் பக்கம் திரும்பியது. டிஸ்க் விடுபட்டபோது விரல் சொடுக்கியது போல ஓசை கேட்டது. அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல் தம் முறைக்கு எறியப் போய்விட்டார். குறைவாக இறுக்கிய பிடி கூடுதலாகத் தாங்கியது எப்படி என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மரத்தடி:
நீங்கள் முதலில் உள்ளங்கையை இறுக்கினீர்கள், அவர் விரல்நுனியை இறுக்கினார், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் நின்ற இடத்தில் இழுத்துப் பார்ப்பதை வைத்து முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை. பிடியில் எந்த விரல் என்பதைவிட எந்தக் கணத்தில் இறுக்குகிறோம் என்பதே முக்கியம். முன்பெல்லாம் கை பின்னே போகும்போதே நான் முழு வலுவையும் கொடுத்துவிடுவேன். ஒருமுறை மணிக்கட்டு விறைத்து, டிஸ்க் நேரத்தோடு விடுபடாமல், வலப்பக்கம் இருந்த மரத்தில் மோதி நான் நின்ற டீ (எறியத் தொடங்கும் இடம்) வரைக்கும் உருண்டு திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கவில்லை என்பதுதான் கூடுதல் சங்கடம். வலக்கை பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவதில்) டிஸ்க் முன்கூட்டியே நழுவினால் இடப்பக்கம் போகும், தாமதமாக விட்டால் வலப்பக்கம் போகும். இரண்டையும் ஒரே சுற்றில் பார்ப்பவர் விரலை இடம் மாற்றிப் பயனில்லை. டிஸ்க் மார்பைக் கடக்கும்வரை அது கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

எதிர்க்காற்று:
என் கதை சிறியது. நண்பர் எடுத்த மெதுவோட்டக் காணொளியில், டிஸ்கின் முன்விளிம்பு வானத்தைப் பார்த்தபடி கையை விட்டுப் போனதைக் கண்டேன். அது மேலெழுந்து வேகமிழந்து இடப்பக்கம் சரிவது அன்றுதான் புரிந்தது. ஆகவே இருவருக்கும் சொல்கிறேன்: அழுத்தத்தைப் பற்றி வாதாடும் முன் கோணத்தைப் பாருங்கள். டிஸ்கை உள்ளங்கையில் வைத்ததும் அதன் தளமும் முன்கையும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து நோக்குங்கள். வராவிட்டால் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே தாழ்த்துங்கள். ஆள்காட்டி விரலை வெளிவிளிம்பின் மேல் நீட்டி வைக்கும் பழக்கம் இருந்தால், நெடுந்தூர எறிக்கு அதை விட்டுவிடுங்கள். மிட்ரேஞ்சுக்கும் (நடுத்தூர டிஸ்க்) பட்டருக்கும் (கூடைக்கு அருகில் எறியும் டிஸ்க்) விரல்களை அடித்தட்டில் விரிக்கும் ஃபேன் கிரிப்பைப் பயன்படுத்துங்கள். தூரம் குறையும், கோணம் கட்டுக்குள் நிற்கும். ஃபோர்ஹேண்டுக்கு (கையை உடலின் பக்கவாட்டிலிருந்து வீசும் எறிக்கு) நடுவிரலின் சதைப்பகுதி உள்ரிம்மில் ஒட்டியிருக்க வேண்டும். வியர்வையை ஒவ்வோர் எறிக்கும் முன் துண்டால் துடையுங்கள். ஈர ரிம்மில் எந்தப் பிடியும் நிற்காது. நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

சிறுவிரல்:
எதிர்க்காற்று அவர்களே, நகம் வரைக்கும் வந்த நீங்கள் விரலின் நீளத்தைக் கேட்கவே இல்லை. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி ரிம்மின் அகலம் 2.6 செ.மீ. வரை இருக்கலாம், அவ்வளவு அகலமான டிரைவரை நான் பிடித்தால் விரல்நுனி உள்மூலையில் மடிய இடமின்றி நீண்டே கிடக்கிறது, பெரியவர் சொன்ன அழுத்தத்தை எங்கே கொடுப்பது? தோழி ஒருத்தி என் கையிலிருந்த வேகமான டிரைவரை வாங்கிக்கொண்டு, குறுகிய ரிம் உள்ள ஃபேர்வே டிரைவரைத் திணித்தாள். அது என் வழக்கமான தூரத்தைத் தாண்டி, கூடைக்குப் பின்னால் இருந்த புதரில் போய் விழுந்தது. அவள் வாங்கிக்கொண்ட அந்த வேகமான டிரைவரை இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வலக்கைக்காரன்:
மரத்தடி சொன்னபடி மார்பு வரை தளர்வாகவும், அதன்பின் ஆள்காட்டி நுனியால் மட்டும் இறுக்கியும் எறிந்து பார்த்தேன். தூரம் கூடவில்லை, ஆனால் பறக்கத் தொடங்கும்போது இருந்த தள்ளாட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. சிறுவிரல், உங்கள் ஃபேர்வே டிரைவரின் ரிம் அகலம் என்னவென்று சொல்ல முடியுமா?