வீட்டிலேயே காப்பி வறுத்து எஸ்பிரெசோ போடக் கற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

“முதலில் எஸ்பிரெசோ கைக்கு வரட்டும், வறுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நான் வறுவலில்தான் தொடங்கினேன். இன்று யார் கேட்டாலும் அதே வழியைத்தான் சொல்வேன். கொட்டை எப்படி வறுபட்டது என்று தெரியாமல் மெஷினோடு மல்லுக்கட்டினால், கோளாறு அரவையிலா, தண்ணீரிலா, கொட்டையிலா என்று பிடிபடவே படாது.

வறுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சூடான காற்றில் சோளம் பொரிக்கும் சின்ன மெஷின் போதும், காற்று பக்கவாட்டிலிருந்து வந்து கொட்டைகளைச் சுழற்றும் வகையாக இருந்தால் நல்லது. ஒரு தடவைக்கு 80 கிராம் போடுகிறேன். கனமான இரும்புச் சட்டியிலும் வறுக்கலாம்தான். ஆனால் கை ஓயாமல் கிளற வேண்டும், அப்படிக் கிளறினாலும் சில கொட்டை கருகும், சில வெளுத்து நிற்கும்.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே போய்விடும். அப்போது வருவது வைக்கோல் வாசனை. அப்புறம் கொட்டை மஞ்சளாகும், ரொட்டி சுடும் மணம் கிளம்பும், மெல்லப் பழுப்பேறும். 1912-இல் இந்த வேதிவினையை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயாரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இனிமேல் காதுக்குத்தான் வேலை. மெஷின் இரைச்சலைத் தாண்டி ஒரு ‘டப்’ கேட்கும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு சோளம் பொரிவது போலக் கூட்டமாக வெடிக்கும். உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் கொட்டையின் சுவர்களை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. ஃபர்ஸ்ட் கிராக், அதாவது முதல் வெடிப்பு என்பார்கள். கொட்டை உப்பும், நடுக்கோடு விரியும், தோல் பறக்கும். சுமார் 200 டிகிரி செல்சியஸில் இது நடக்கிறது. அங்கிருந்து 25 டிகிரி போல ஏறினால் இரண்டாம் வெடிப்பு. அதன் சத்தம் மெலிதாக, இடைவெளியில்லாமல் படபடக்கும், கொட்டையின் மேல் எண்ணெய் கசியத் தொடங்கும். வெப்பமானியை எங்கே செருகுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும், அதனால் நான் சத்தத்தைத்தான் நம்புகிறேன். எஸ்பிரெசோவுக்கு முதல் வெடிப்பு ஓய்ந்து, இரண்டாவது தொடங்குவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். எண்ணெய் வழியும் கொட்டை கிரைண்டருக்குள் அப்பிக்கொள்ளும்.

கொட்டை அதிகம் போட்டால் மெதுவாக வறுபடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். காற்று மெஷினில் பெரும்பாலும் நேர்மாறு. காற்றோட்டம் தடைபட்டுச் சூடு உள்ளேயே தேங்கிவிடும், வறுவல் தலைதெறிக்க ஓடும். வெளியே நிறம் ஏறியிருக்கும், உள்ளே வெந்திருக்காது. நிதானமாக வறுபட வேண்டும் என்றால் அளவைக் குறையுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவெடுத்தால் விளக்கு வெளிச்சம் ஏமாற்றும். வறுக்கும் முன்பும் ஆறிய பின்பும் எடை போட்டுப் பாருங்கள். 12, 13 சதவீதம் குறைந்திருந்தால் இளவறுவல். 15, 16 என்றால் நடுத்தரம். 18-ஐத் தாண்டினால் நல்ல கறுப்பு. நிறுத்திய பிறகும் உள்சூட்டில் கொட்டை வறுபட்டுக்கொண்டே போகும் என்பதால், இரண்டு உலோகச் சல்லடைகளில் மாற்றி மாற்றிக் கொட்டி மின்விசிறிக்கு முன்னால் ஆற்றுவேன். தோல் வீடெல்லாம் பறக்கும், ஆகவே வெளியில் வைத்துக்கொள்வது உத்தமம். காய்ந்த தோல் சட்டென்று தீப்பிடிக்கும். வறுக்கும்போது நகரவே கூடாது, போன் வந்தாலும் சரி.

வறுத்த அன்றே எஸ்பிரெசோ போட ஆசையாக இருக்கும். போட்டால் கோப்பை நிறைய நுரைதான் வரும். கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு தண்ணீரைச் சீராக இறங்க விடாது, ருசியும் சுருக்கென்று குத்தும். நடுத்தர வறுவலுக்கு ஒரு வாரம், இளவறுவலுக்கு அதற்கும் மேல் விட்டுவைக்கிறேன். முந்தைய கையிருப்பு தீரும் முன்பே அடுத்ததை வறுத்து வைப்பதுதான் இதற்கு ஒரே வழி.

* * *

மேலே சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி கிரைண்டர். வறுவல் எவ்வளவு அருமையாக இருந்தாலும், அரவையை இம்மி இம்மியாக நகர்த்த முடியாத கிரைண்டரை வைத்துக்கொண்டு எஸ்பிரெசோ போட முடியாது. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து கிரைண்டரில் போடுங்கள் என்பேன்.

எனக்குக் கைகொடுத்தது எல்லோரும் சொல்லும் கணக்குதான்: 18 கிராம் தூள், கோப்பையில் இறங்கும் காப்பி 36 கிராம், அது இறங்க 25 முதல் 30 விநாடி. சீக்கிரம் இறங்கிப் புளித்தால் அரவையை நைசாக்கு. சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் கொஞ்சம் பருமனாக்கு. தூளின் எடையைத் தொடாதே, சூட்டைத் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும்.

அடித்துணி இல்லாத கோமணம் போல என் மகன் கேலி செய்யும் அந்த அடி திறந்த போர்ட்டாஃபில்டரை (தூளை வைத்து மெஷினில் மாட்டும் கைப்பிடி) அவசியம் வாங்குங்கள். முதலில், தூள் நிரப்பும் சல்லடைக் கிண்ணமான பாஸ்கெட்டின் அடியில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றும், பிறகு அவை நடுவில் கூடி ஒற்றை இழையாக இறங்கும். பக்கவாட்டில் ஒரு பீச்சல் அடித்தால், தண்ணீர் தூளுக்குள் ஓட்டை கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அளவுக்கு மேல் சாறு இறங்கும், மற்ற இடத்தில் தூள் அப்படியே கிடக்கும், ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். அமுக்குவதற்கு முன் மெல்லிய ஊசிகளால் தூளைக் கட்டியில்லாமல் கிளறிவிட்டால் இது பெரிதும் குறையும். அரைக்கும் முன் கொட்டையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் நிலைமின்சாரத்தால் தூள் ஒட்டிப் பறப்பதும் நிற்கும்.

பெட்டியில் 15 பார் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம், எஸ்பிரெசோவுக்கு 9 பார் போதும். இரட்டை அடி பாஸ்கெட் கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்தாமல் ஓரமாக எடுத்து வையுங்கள், எப்படி அரைத்தாலும் நுரை காட்டி நம்மைக் கற்றுக்கொள்ளவே விடாது. நுரை என்றதும் ஒன்று: கிரேமாவை, அதாவது மேலே படியும் அந்த நுரையை, எஸ்பிரெசோவின் அடையாளமாக்கியது இத்தாலியரான அக்கிலே கஜ்ஜியாவின் நெம்புகோல் மெஷின்கள். ஆனால் கிரேமா தடிமனாக இருப்பதால் காப்பி நல்லது என்று ஆகாது. ரோபஸ்டா வகைக் கொட்டை கலந்தாலே அது கூடும்.

* * *

சின்னத் திருத்தம். 18-க்கு 36 என்பது நடுத்தர வறுவலுக்குப் பொருந்தும். இளவறுவலில் அதே கணக்கைப் பிடித்தால் புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். நான் 45 கிராம் வரை இறக்குகிறேன், தண்ணீரையும் 95 டிகிரிக்கு ஏற்றிக்கொள்கிறேன்.

காஃபின் நீக்கிய கொட்டையை வறுக்க நினைப்பவர்களுக்கு: அது பச்சையாக இருக்கும்போதே பழுப்பு நிறம்தான், அதனால் கண்ணை நம்ப முடியாது. வெடிப்புச் சத்தமும் அமுங்கியே கேட்கும். மூக்கும் தராசும்தான் துணை. வழக்கமான கொட்டையை விடச் சற்று முன்னதாகவே நிறுத்திப் பாருங்கள், எனக்கு அதில்தான் கருகல் வாடை இல்லாமல் வந்தது.