பழைய மாணவர் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு சாப்பாடு மட்டும்தானா?

வேளச்சேரி சுந்தர்

வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன், 2001-ல் முடித்தேன். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் பேட்சுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், பிறந்தநாள், யாருடைய அப்பாவோ தவறிவிட்டார் என்ற செய்தி, தேர்தல் வந்தால் சண்டை. வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டலில் ஹால் எடுத்துச் சாப்பிடுகிறோம். நண்பர்களைப் பார்ப்பது சந்தோஷம்தான். ஆனால் கல்லூரி என்ற இடத்துக்கும் எங்களுக்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை. அங்கே இன்று படிக்கிற ஒரு பையனைக்கூட எனக்குத் தெரியாது.

எங்கள் துறை மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. ஆறு அங்குலக் கண்ணாடி. எங்களுக்கு ரொம்ப முந்தைய சீனியர்கள் கையாலேயே தேய்த்துச் செய்தது என்று லேப் அட்டெண்டர் சொல்வார். சனியின் வளையத்தை நான் முதலில் பார்த்தது அதில்தான். சமீபத்தில் அண்ணன் மகளுக்கு அட்மிஷன் விசாரிக்கப் போனபோது மாடி ஏறிப் பார்த்தேன். தார்ப்பாய் சுற்றி மூலையில் சாய்த்திருந்தார்கள், சுற்றிலும் கால் உடைந்த நாற்காலிகள். மனசு கேட்கவில்லை.

பேட்ச், டிபார்ட்மென்ட் என்று பார்க்காமல், வானம் பார்க்க ஆசை உள்ள பழைய மாணவர்களை மட்டும் ஒன்று சேர்த்தால் என்ன என்று தோன்றுகிறது. அலும்னி ஆபீசுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. இப்படி ஒரு விருப்பத்தை வைத்துக் கூடி, கல்லூரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குழு யாரிடமாவது உண்டா? எங்கிருந்து ஆரம்பிப்பது? வெளியூரில் இருப்பவர்களை என்ன செய்வது?

நங்கநல்லூர் வாசுகி

தம்பி சுந்தர், உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தவள். பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்குப் பிடித்த பாடம் நில அளவை. எங்கள் கல்லூரி பிறந்ததே அதில்தான். 1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் யோசனைப்படி எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளிதான் பிறகு கிண்டிக்கு வந்தது. படிக்கிற காலத்தில் இதெல்லாம் எங்களுக்குப் பரீட்சைக்குக்கூடத் தேவைப்படவில்லை.

ஓய்வுக்குப் பிறகு சீனியர், ஜூனியர் என்று சர்வே பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்தோம். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, பேனர் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நடக்கிறோம், அவ்வளவுதான். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1792-ல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டியபோது கருவியைத் தாங்க நிறுத்திய தூண். டாப்பிங் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும், தமிழிலும் தெலுங்கிலும் கல்வெட்டு உண்டு. எங்கள் கல்லூரிக்கு யோசனை சொன்ன அதே மனிதர்தான் உங்கள் வானியலுக்கும் இந்த ஊரில் கட்டடம் கட்டினார். 1861-ல் அங்கே வானியலாளராக இருந்த போக்சன் 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கிருந்துதான். அங்கே வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்தார். உங்கள் குழு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். முன்கூட்டி அனுமதி வாங்கிப் போங்கள்.

எங்கள் வீட்டுப் பக்கம் பறங்கிமலை. 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்தியாவை அளக்க முதல் அடிக்கோடு (பேஸ்லைன், மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமாக முதலில் அளக்கிற நேர்கோடு) போட்டது மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை, சுமார் ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை வைத்து அளந்து முடிக்க 57 நாள். அந்தக் கோடு போன வழியில் இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் வீடும் கடையுமாக நெருக்கியடித்துக் கிடக்கிறது. மலைமேல் லாம்ப்டனின் சிலை இருக்கிறது. அங்கே நின்று தெற்கே கை காட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடம் சட்டென்று புரிந்துவிடுகிறது.

பிள்ளைகள் என்றேனே, அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். முதலில் நாங்கள் பழைய ஆட்கள் மட்டும் நடந்தோம். பேச்சு எப்படியும் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் யார் யார் எங்கே சீஃப் இன்ஜினியர் ஆனார்கள் என்பதிலும் போய் நிற்கும். ஒரு தடவை ஒரு சீனியர், இப்போது படிக்கிற பிள்ளைகள் சிலரைக் கூட்டி வந்தார். அவர்களுக்கு டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி, ஜி.பி.எஸ். எல்லாம் அத்துப்படி. மட்டம் பார்க்கிற பழைய கருவியான டம்பி லெவலைத் தொட்டதில்லை. அன்று என் கையில் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திக் காட்டினேன். கருவியின் பார்வைக் குழாயை, அடியில் உள்ள மூன்று கால் திருகுகளில் இரண்டுக்கு இணையாகத் திருப்பு. இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கமாக, ஒரே நேரத்தில், ஒரே அளவு திருகு. மட்டம் காட்டுகிற குமிழி எந்தப் பக்கம் போகிறது பார். உன் இடது கட்டைவிரல் போகிற பக்கம்தான் போகும். இனி குழாயைக் குறுக்கே திருப்பி மூன்றாவது திருகை மட்டும் தொடு. குமிழி நடுவில் வந்து நின்றதும் அந்தப் பெண் மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தாள். அடுத்த மாதம் நாங்கள் கூப்பிடாமலே கூட நாலு பேரை அழைத்து வந்தாள். துறைக்குள் எங்களுக்குக் கதவு திறந்தது அவர்கள் வழியாகத்தான்.

எனவே தம்பி, வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்து, சுத்தம் செய்து, திரும்ப நிறுத்துகிற வேலை என்று சொல்லி ஆள் கேளுங்கள். 'வானம் பிடிக்குமா' என்றால் நூறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். 'சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்பேனரோடு வா' என்றால் ஐந்து பேர் வருவார்கள். அந்த ஐந்து பேர் போதும். கண்ணாடி தேய்த்த சீனியர்களைத் தேடிப் பிடியுங்கள். இப்போது எழுபது வயது தாண்டியிருக்கலாம். துறைப் பதிவேடு, பழைய ஆண்டு மலர், ஓய்வு பெற்ற அட்டெண்டர், யாரிடமாவது பெயர் கிடைக்கும். அவர்களை ஒரு நாள் மாடிக்குக் கூட்டி வர முடிந்தால் அதைவிடப் பெரிய அலும்னி மீட் எதுவும் இல்லை.

இயற்பியல் வாத்தியார்

வாசுகி மேடம் சொன்னதை வழிமொழிகிறேன். நான் உள்ளே இருப்பவன், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நிர்வாகப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

அலும்னி ஆபீஸ் என்பது பல இடங்களில் ஒரு ஆசிரியருக்குக் கொடுத்த கூடுதல் பொறுப்பு. வகுப்பு, பேப்பர் திருத்தம், அட்மிஷன் எல்லாம் போக மிச்ச நேரத்தில் பார்ப்பார். உங்கள் மெயில் எங்கோ அடியில் கிடக்கும். நேரே துறைத் தலைவரைப் பாருங்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) மதிப்பீட்டில் பழைய மாணவர் பங்களிப்புக்கென்று தனிப் பிரிவு உண்டு. பணம் கொடுத்ததை மட்டும் எழுத வேண்டும் என்பதில்லை, நீங்கள் நடத்துகிற பயிற்சியும் ஆவணத்தில் ஏறும். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, வந்தவர் கையெழுத்து, நாலு போட்டோ கொடுத்துவிடுங்கள். துறைத் தலைவருக்கு அது பெரிய உதவி, அடுத்த தடவை அவரே கூப்பிடுவார்.

இரவு நிகழ்ச்சியில் தொடங்காதீர்கள். மாணவர்கள், அதுவும் மாணவிகள், இருட்டிய பிறகு மாடியில் இருக்க வேண்டும் என்றால் பெற்றோர் கடிதம், ஹாஸ்டல் வார்டன், கூட ஒரு ஆசிரியை என்று அனுமதிக்கே ஒரு செமஸ்டர் போய்விடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகம் வேறு. பகலில் தொடங்குங்கள். நிழலில்லா நாள் இருக்கவே இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் அது 12.07 வாக்கில். ஒரு குழாய்த் துண்டை நட்டு வைத்தால் நிழல் அப்படியே அடிக்குள் போய்விடும். செலவே இல்லை, பிரின்சிபால்கூட இறங்கி வந்து பார்ப்பார். ஏப்ரலில் பரீட்சை என்றால் ஆகஸ்டைப் பிடியுங்கள், ஆனால் மேகம் மறைக்கலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தொலைநோக்கிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். அலுமினியப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கும், ஒரு தடவை தேய்த்தாலே கீறல். ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். கடற்காற்றில் பூச்சு போயிருந்தால் திரும்பப் பூசத்தான் வேண்டும். அதற்கு மட்டும்தான் பணம் தேவைப்படும்.

நொய்டா கணேசன்

நான் சென்னையில் பி.காம். முடித்து இங்கே ஆடிட்டராக இருக்கிறேன். பணம் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். யாராவது ஒருவருடைய ஜி-பே நம்பருக்கு வசூல் செய்யாதீர்கள். நல்ல குழுக்கள் கணக்குக் கேள்வியில்தான் உடைகின்றன. பூச்சுக்கு ஆகும் செலவைக் கல்லூரியோ பதிவு செய்த பழைய மாணவர் சங்கமோ ரசீது போட்டு வாங்கட்டும். தனியாகப் பதிவு செய்ய நினைத்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆனால் இப்போதைக்கு உங்களுக்கு அது அவசியமில்லை. அமெரிக்காவில் இருக்கும் நண்பர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி உள்ள அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும்.

இன்னொன்று. என்னைப் போல வெளியூரில் இருப்பவர்களிடம் எல்லோரும் பணம் மட்டும்தான் கேட்கிறார்கள். எனக்குக் கையால் செய்ய ஒரு வேலை கொடுங்கள் என்றால் யாரிடமும் பதில் இல்லை.

நங்கநல்லூர் வாசுகி

கணேசன் சார், உங்களுக்கு வேலை இருக்கிறது, அதுவும் நொய்டாவில் இருப்பதால்தான்.

ஏப்ரல் 24 அன்று சென்னையில் நிழல் மறைகிற அதே நாளில் நீங்கள் மாடியில் ஒரு மீட்டர் கம்பு நட்டு வையுங்கள். டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே நிழல் மறையவே மறையாது. உங்கள் ஊர் உச்சி வேளை எங்களுக்குப் பிந்தியது, 12.19 வாக்கில் வரும். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் சாக்பீசால் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் நமக்கு வேண்டியது, ஏறக்குறைய 28 செ.மீ. வரும். அதிலிருந்து கோணம் பதினைந்தரை டிகிரி கிடைக்கும். சென்னையில் நிழலே இல்லாததால், இரண்டு ஊருக்கும் நடுவே பூமி வளைந்திருக்கிற கோணமும் அதுதான். சென்னைக்கும் உங்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 1,720 கி.மீ., மாணவர்கள் அட்லஸில் ஸ்கேல் வைத்து எடுக்கட்டும். விமானம் போகிற தூரத்தைப் போடக் கூடாது, அது சாய்வாகப் போகும். அந்த வடக்கு தெற்குத் தூரத்தை 360-ஆல் பெருக்கி 15.5-ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கம்பு செங்குத்தாக நிற்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

நீங்கள் பி.காம். ஆக இருந்தால் என்ன, சுந்தர் கல்லூரியாக இல்லாவிட்டால்தான் என்ன. பெங்களூரில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே நாளில்தான் நிழல் மறையும், அவர்களை ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். போபால், ஜெய்ப்பூர், சண்டிகர் என்று வடக்கே ஆள் கிடைக்கக் கிடைக்கக் கணக்கு கெட்டிப்படும். வீடியோ காலில் ஒரு மாணவி உங்கள் அளவை வாங்கிக் கரும்பலகையில் எழுதுவாள். அவளுக்கு உங்கள் பெயர் தெரியும், உங்களுக்கு அவள் பெயர் தெரியும்.

வேளச்சேரி சுந்தர்

வாசுகி அம்மா, வாத்தியார் சார், கணேசன் சார், மூவருக்கும் நன்றி. துறைத் தலைவரை வியாழக்கிழமை பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். பழைய ஆண்டு மலர்களைக் கல்லூரி நூலகத்தில் பார்க்கலாமா என்றும் கேட்கப் போகிறேன். என் பேட்சில் இரண்டு பேர் ஸ்பேனரோடு வரத் தயார், அதில் ஒருத்தி குரோம்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறாள். ஒரு சந்தேகம்: கடிதத்தில் எவ்வளவு கேட்கலாம்? மாடிச் சாவி, தொலைநோக்கி, மாணவர்கள், நூலகம் என்று எல்லாவற்றையும் எழுதினால் பயந்துவிடுவாரோ?

இயற்பியல் வாத்தியார்

ஒரே பக்கம் போதும். ஒரு சனிக்கிழமை, பத்திலிருந்து ஒரு மணி வரை, தொலைநோக்கியைக் கீழே லேபுக்கு இறக்கி என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க அனுமதி, அவ்வளவு மட்டும் எழுதுங்கள். மாடிச் சாவி கேட்காதீர்கள், இறக்கித் தர அவர்களே ஆள் அனுப்பட்டும். வருகிறவர்கள் பெயர், படித்த ஆண்டு, போன் நம்பர் கீழே இருக்க வேண்டும், கேட்டில் காட்ட அது தேவைப்படும். கூடவே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலைந்து பேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாயால் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வேண்டாம், சில மாதத்தில் போய்விடுவார்கள். நூலகத்தை நேரில் கேட்டுக்கொள்ளலாம், அதற்குக் கடிதம் வேண்டாம்.