ஃபைல் 25.75 எம்பி, ஹெட்டரில் 27.3 எம்பி: இனிட்ஆர்டி கெட்டுப்போகிறது

பாயான்_பைட் (பினாங்கு)

வணக்கம். பாயான் லெப்பாஸில் நாங்கள் செய்யும் கேட்வே போர்டு: 64 பிட் ஆர்ம், ரேம் 512 எம்பி. யூ-பூட் (பரவலாகப் பயன்படும் பூட் லோடர்) இல்லை, கர்னலை ரேமில் ஏற்றச் சொந்தமாக எழுதிய சின்ன லோடர். கர்னல் 5.4 வரை பிரச்சினையே இல்லை. 6.6-க்கு மாறியதும் சீரியலில் இந்த வரி வருகிறது:

இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்டு: இன்வேலிட் மேஜிக் அட் ஸ்டார்ட் ஆஃப் கம்ப்ரெஸ்டு ஆர்க்கைவ்

லோடர் செய்வது: ரேம் தொடக்கத்திலிருந்து 2 எம்பி தள்ளி, அதோடு ஹெட்டரில் (இமேஜ் ஃபைலின் தலைப்பகுதி) உள்ள டெக்ஸ்ட் ஆஃப்செட்டையும் (கர்னல் எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்ற எண்) கூட்டி, அங்கே கர்னலை வைக்கும். ஃபைல் முடியும் இடத்தை அடுத்த 2 எம்பி எல்லைக்கு உயர்த்தி, அங்கே இனிட்ஆர்டி (கர்னல் எழும்போது விரிக்கும் ஆரம்ப ஃபைல்சிஸ்டம் ஆர்க்கைவ்; மேலே உள்ள செய்தி இதைப் பற்றித்தான்). டிடிபி (போர்டின் ஹார்டுவேர் விவரத்தைக் கர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) தனியாக 64 எம்பியில். பழைய ஃபைல் 20 எம்பி. புதியது 2,70,00,832 பைட். ஆனால் ஹெட்டரில் இமேஜ் சைஸ் 2,86,39,232 என்று இருக்கிறது. ஹெட்டர் தப்பா? அதைக் கையால் 40 எம்பி என்று மாற்றிவிட்டால் சரியாகுமா?

செந்தூல்_சீரியல் (கோலாலம்பூர்)

ஹெட்டர் சரியாகத்தான் இருக்கிறது தம்பி, அதைத் தொடாதீர்கள். லோடர் அந்த எண்ணைப் படிக்கவே இல்லையே, 40 என்று எழுதினாலும் ஒன்றும் மாறாது. இமேஜில் கையெழுத்து போட்டிருந்தால் அதுவும் உடையும்.

இமேஜ் சைஸ் என்பது கர்னல் ரேமில் பிடிக்கும் மொத்த இடம். பிஎஸ்எஸ் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகளின் இடம்), ஆரம்பப் பேஜ் டேபிள், ஆரம்ப ஸ்டாக் எல்லாம் அதில் சேர்த்தி. இவை ஃபைலில் இருக்காது. உங்கள் கணக்கில் வித்தியாசம் 16,38,400 பைட், அதாவது 1,600 கேபி.

இப்போது கணக்கைப் போடுங்கள். 6.6-இல் டெக்ஸ்ட் ஆஃப்செட் 0, எனவே கர்னல் 2 எம்பியில் தொடங்கும். ஃபைல் 27.75-இல் முடிகிறது, நீங்கள் இனிட்ஆர்டியை 28-இல் வைக்கிறீர்கள். கர்னல் உண்மையில் முடிவது 29.3125-இல். ஆக இனிட்ஆர்டியின் முதல் 1,344 கேபி கர்னலின் இடத்துக்குள் கிடக்கிறது. கர்னல் எழுந்ததும் பிஎஸ்எஸ்ஸைப் பூஜ்யமாக்கும், ஆர்க்கைவின் தலை போய்விடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை நிரப்பு பைட் என்று தாண்டிப் போய், பூஜ்யமில்லாத முதல் பைட்டில்தான் கர்னல் மேஜிக்கை (வகையைக் காட்டும் அடையாள பைட்டுகளை) தேடும். அதனால்தான் அந்தச் செய்தி.

5.4 ஏன் ஓடியது? அதில் ஆஃப்செட் 512 கேபி. 2.5-இல் தொடங்கி 22.5-இல் ஃபைல் முடிந்தது, இனிட்ஆர்டி 24-இல். இடையில் தற்செயலாகக் கிடைத்த 1.5 எம்பிக்குள் பிஎஸ்எஸ் அடங்கிவிட்டது. இப்போது இடைவெளி வெறும் 256 கேபி.

லோடரில் மாற்ற வேண்டியது: ஹெட்டர் மொத்தம் 64 பைட். 8-ஆம் பைட்டில் டெக்ஸ்ட் ஆஃப்செட், 16-இல் இமேஜ் சைஸ், 24-இல் ஃப்ளாக்ஸ். மூன்றும் 8 பைட், லிட்டில் எண்டியன். முதலில் 56-ஆம் பைட்டில் 65, 82, 77, 100 என்ற மேஜிக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பூட்டையே நிறுத்துங்கள். பிறகு இனிட்ஆர்டி, டிடிபி, இந்த இரண்டின் இடத்தையும் கர்னல் தொடக்கம் + இமேஜ் சைஸ் என்ற எல்லைக்கு வெளியே வையுங்கள். டிடிபிக்கு 8 பைட் அலைன்மென்ட் போதும், 2 எம்பியைத் தாண்டக்கூடாது. பிஎஸ்எஸ்ஸை லோடர் பூஜ்யமாக்க வேண்டியதில்லை, கர்னலே செய்துகொள்ளும்.

64 எம்பியில் டிடிபி என்று எண்ணைப் பதித்து வைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. லாக்டெப் (லாக் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வசதி) போட்ட டீபக் கர்னலில் பிஎஸ்எஸ் பல எம்பி வீங்கும். இடம் போதாவிட்டால் லோடர் நிற்க வேண்டும், எழுதிக்கொண்டே போகக்கூடாது.

இமேஜ் சைஸ் 0 என்று வந்தால் அது 3.17-க்கு முந்தைய கர்னல். அப்போது ஆஃப்செட் 512 கேபி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு யூ-பூட் 16 எம்பி என்று அனுமானிக்கிறது.

பட்டர்வொர்த்_பிட்

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இதில் இன்னும் ஆபத்தான ஒன்று இருக்கிறது. ரூட் ஃபைல்சிஸ்டம் இஎம்எம்சியில் (போர்டிலுள்ள ஃபிளாஷ் சேமிப்பில்) இருந்தால், இந்தப் பிழைக்குப் பிறகும் போர்டு பூட் ஆகிவிடும். அதை நம்பித் தயாரிப்பு லைனில் பாஸ் போட்டுவிடாதீர்கள். இனிட்ஆர்டி வேலை முடிந்ததும் கர்னல் அந்த ரேமை விடுவித்துவிடும். உங்கள் விஷயத்தில் அந்த 1,344 கேபியில் கர்னலின் உயிருள்ள பிஎஸ்எஸ் மாறிகளும் இருக்கின்றன. அந்தப் பக்கங்கள் வேறு யாருக்கோ ஒதுக்கப்படும். மணிக்கணக்கில் நன்றாக ஓடி, சம்பந்தமே இல்லாத டிரைவரில் பேனிக் வரும். ரேம் சிப்பைச் சந்தேகித்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

டிடிபி மாட்டிக்கொண்டால் வேறு மாதிரி: சீரியலில் ஓர் எழுத்துகூட வராது. டிடிபியைச் சோதிப்பது எர்லிகான் (கர்னலின் ஆரம்பச் செய்திகளைச் சீரியலில் காட்டும் வசதி) அளபுருவைப் படிப்பதற்கு முன்பே நடப்பதால், எர்லிகானும் உதவாது. செத்த போர்டு போலவே தெரியும்.

சோதிக்க எளிய வழி: லோடர் கர்னலுக்குத் தாவும் முன் இனிட்ஆர்டியின் முதல் இரண்டு பைட்டைச் சீரியலில் அச்சிடுங்கள். ஜிசிப் என்றால் 31, 139. அது சரியாக வந்தும் கர்னல் குறை சொன்னால், அழித்தது கர்னல்தான், ஃபிளாஷ் அல்ல. பூட் ஆன பிறகு ப்ராக் கீழே உள்ள ஐஓமெம் ஃபைலில் ‘கர்னல் டேட்டா’ வரியின் முடிவைப் பாருங்கள், நீங்கள் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பாயான்_பைட்

ரொம்ப நன்றி அண்ணே. இமேஜ் சைஸ் வைத்து மாற்றியதும் இனிட்ஆர்டி 30 எம்பிக்குப் போனது, பூட் சுத்தமாக வருகிறது. டிடிபியையும் கணக்கிட்டே வைக்கிறேன். இரண்டு கேள்வி மட்டும். ஃபிளாஷில் இடம் குறைவு, ஜிசிப் செய்த இமேஜ் போட்டால் ஹெட்டர் எங்கே இருக்கும்? எக்ஸ்86 மாடலிலும் இதே கோளாறு வருமா?

செந்தூல்_சீரியல் (கோலாலம்பூர்)

ஜிசிப்புக்குள் இருக்கும்வரை ஹெட்டரைப் படிக்க முடியாது. ஆர்ம்64 கர்னல் தானாக விரிந்துகொள்ளாது, லோடர்தான் விரிக்க வேண்டும். முதல் 64 பைட்டை மட்டும் விரித்து, இமேஜ் சைஸைப் பார்த்து, இடம் ஒதுக்கிய பிறகு முழுதும் விரியுங்கள். சுருங்கிய ஃபைல் உட்கார்ந்திருக்கும் இடமும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் விரிக்கும்போதே தன்னைத்தானே மிதிக்கும்.

எக்ஸ்86-இல் அதே வேலையைச் செய்வது 608-ஆம் பைட்டில் உள்ள 4 பைட் இனிட் சைஸ். பூட் புரோட்டோகால் 2.10 முதல்தான் அது உண்டு, 518-ஆம் பைட்டில் பதிப்பைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். அங்கே கர்னல் தானே விரிந்துகொள்வதால், ஃபைல் அளவுக்கும் தேவைப்படும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆர்மைவிடப் பல மடங்கு பெரிது லா. ஃபைல் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் அங்கே எந்த ரவுண்டிங்கும் காப்பாற்றாது.