கார்புரேட்டர் ஹீட்: ‘சூடேற்றி’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

பொள்ளாச்சியிலிருந்து:

வீட்டுப் பட்டறையில் கட்டும் இலகு விமானங்களுக்கான சொற்பட்டியலில் ‘கார்புரேட்டர் ஹீட்’ (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஈரம் உறைந்து அடைக்காமல் காக்கும் அமைப்பு) என்பதற்கு எதிரே ‘கார்புரேட்டர் சூடேற்றி’ என்று இருக்கிறது. படிப்பவர் கார்புரேட்டரைச் சுற்றி ஏதோ ஹீட்டர் காயில் இருப்பதாக நினைப்பார். உண்மையில் சூடாவது உள்ளே போகும் காற்று. ‘சுடுகாற்று’ என்று மாற்றலாமா?

ஈரோட்டிலிருந்து:

> சுடுகாற்று என்று மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விங்க. சித்திரையில் 38 டிகிரி கொதிக்கிற நம்ம சீமையில் கார்புரேட்டர் எங்கே உறையப் போகிறது? ஒரு கேபிள், ஒரு பெட்டி, ஒரு ஹோஸ், அதற்கான எடை எல்லாமே மிச்சம். கருவியே வேண்டாம் என்றால் சொல்லும் வேண்டாம்.

சூலூரிலிருந்து:

கருவி வேணுங்க. வெளியே அடிக்கிற வெயிலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கார்புரேட்டர் தொண்டையில் (காற்று போகும் குறுகலான வழி, ஆங்கிலத்தில் வென்சுரி) பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சுகிறது. தொண்டை குறுகிய இடத்தில் அழுத்தம் விழுவதாலும் காற்று குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து 20 முதல் 30 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். 21 டிகிரிக்குக் கீழே, 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் ஆபத்து அதிகம் என்றாலும், 38 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும்கூட உறையலாம் என்று அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ-வின் விமானிகள் கையேடே சொல்கிறது.

நம்ம ஊர்க் கணக்கையே போட்டுப் பாருங்க. ஆடி மாதக் காலை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்துகொண்டிருக்கிறது. வெப்பநிலை 24, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்றிலுள்ள ஈரம் 21 டிகிரி வாக்கிலேயே நீராக இறங்கத் தொடங்கும். தொண்டையில் 25 டிகிரி குறைந்தால் அங்கே –1. அந்த நீர், எஞ்சினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் ஒட்டி உறையும். சித்திரை உச்சிவெயிலில் ஈரம் 25 சதவீதம்தான், அப்போது கவலை குறைவு. நாம் ‘குளுகுளு’ என்று சொல்லும் மாதங்கள்தான் வில்லங்கம்.

பம்ப் பெட்ரோல் ஊற்றினால் இன்னும் மோசம். அது விமானப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும். கலந்திருக்கும் எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை இழுக்கும். இலகு விமான எஞ்சினான ரோட்டாக்ஸ் 912-க்கு 10 சதவீத எத்தனால்தான் உச்சம் என்பதால் 20 சதவீதம் கலந்த ஈ20 பெட்ரோல் அந்த எஞ்சினுக்கு ஆகவே ஆகாது.

எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம் உண்டு. லைகாமிங் ஓ-235, ஓ-320 வகையில் கார்புரேட்டர் ஆயில் சம்ப்போடு (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒட்டியே இருக்கிறது, கலவை போகும் குழாயும் சூடான சம்ப் வழியாகப் போகிறது; அதனால் உறைவது குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கான்டினென்டல் சி-85, ஓ-200 இரண்டிலும் கார்புரேட்டர் கீழே தனியாகத் தொங்குவதால் சீக்கிரம் உறையும். வோக்ஸ்வேகன் காரிலிருந்து மாற்றியமைத்த எஞ்சினும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். ஃப்யூவல் இஞ்செக்ஷனில் தொண்டை உறைவு கிடையாது. அங்கே காற்று ஃபில்டர் அடைத்தால் மாற்றுக் காற்றுவழி இருந்தால் போதும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘சுடுகாற்று’ எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இரைச்சலில், ஹெட்செட்டில் ‘சுடுகாத்துப் பிடியை இழு’ என்றால் ‘சுடுகாட்டுப் பிடி’ என்றுதான் காதில் விழும். தரையிறங்கப் போகிறவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ‘சுடுவளி’ என்று வைக்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து:

சுடுகாடு எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சுடுவளி சரி. ஆனால் கட்டுகிறவருக்கு உறுப்புகளின் பெயரும் வேண்டும்.

காற்றைச் சூடாக்க சைலன்சர் குழாயைச் சுற்றிப் போடும் தகட்டுக்கு ‘உறை’ என்று பட்டியலில் இருக்கிறது. உறைவதைத் தடுக்கும் உறுப்புக்கே உறை என்று பெயரா? ‘சட்டை’ என்று வைப்போம். 0.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. உள்ளே குழாயின் மேல் ஸ்பிரிங் கம்பியைச் சுற்றிவிட்டால் காற்று உரசிக்கொண்டு போய் நன்றாகச் சூடேறும். சுடுவளியை மூடியிருக்கும்போதும் சட்டைக்குள் காற்று ஓடி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சட்டையும் குழாயும் கருகிப் பிளக்கும். பிளந்தால் புகை நேராக எஞ்சினுக்குள் போய்ச் சக்தி விழும். சட்டையைக் கழற்றாமல் பார்த்தால் அந்தப் பிளவு கண்ணில் படாது.

காற்றுப் பெட்டிக்குள் திரும்பும் தகட்டுக்கு ‘மடல்’ வேண்டாம். வயலுக்குத் தண்ணி கட்டுகிறவர் ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறப்பது போலத்தான் இதுவும்: குளிர்காற்று வழியை அடைத்து, சட்டை வழியைத் திறக்கிறது. ‘மடை’ என்றே சொல்லலாம். ‘மடை திருப்பு’ என்றால் நம்ம சீமையில் விளக்கமே தேவையில்லை. மடையின் அச்சில் ரிவெட் தளர்ந்தால் தகடு பிய்ந்து எஞ்சினுக்குள் போகும் என்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிட வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:

ஆடி மாதக் கணக்கைப் பார்த்த பிறகு எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேனுங்க. ஆனால் ‘சூடேற்றி’யைத் தூக்கி எறிய வேண்டாம். ரோட்டாக்ஸ் 912-இன் பிங் கார்புரேட்டர்களுக்கு எஞ்சினின் சுடுதண்ணியைச் சுற்றவிட்டு கார்புரேட்டர் உடம்பையே சூடாக்கும் அமைப்பு இருக்கிறது. அதற்கு அந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். சுடுவளி வேறு, சூடேற்றி வேறு என்று தனித்தனிப் பதிவு போடுங்க.

எவ்வளவு சூடு போதும்?

சூலூரிலிருந்து:

சரியான பிரிவு, அப்படியே செய்யலாம். அளவைப் பற்றி: சான்று பெற்ற சிறு விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி, சாதாரணத் தொண்டைக் கார்புரேட்டருக்கு 75 சதவீத சக்தியில் 50 டிகிரி சூடு கூட வேண்டும் என்றது. வீட்டில் கட்டியதை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் குறி வைக்க நல்ல எண். காற்றுப் பெட்டியில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்து அளந்து பாருங்க.

பயன்பாட்டுக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“பறக்கும் முன் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் சுடுவளியை இழு. சுற்று கொஞ்சம் விழ வேண்டும். விழாவிட்டால் மடை திரும்பவில்லை, அல்லது ஹோஸ் கழன்றிருக்கிறது. விழுந்து பிறகு ஏறினால் ஏற்கெனவே உறைவு இருந்திருக்கிறது. இறங்கும்போது த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே சுடுவளி முழுதாக. குறைத்த பின் சைலன்சர் ஆறிவிடும், சூடு கிடைக்காது. உருகிய நீர் உள்ளே போகும்போது எஞ்சின் தடதடக்கும். பயந்து சுடுவளியை மூடாதே. மறுபடி மேலேறினால் மூடு. தரையில் ஓட்டும்போது வேண்டாம்: இந்த வழியில் ஃபில்டர் இல்லை, செம்மண் புழுதி சிலிண்டருக்குள் போகும்.”

இந்தக் குறிப்பில் ‘பனி’ என்ற சொல்லை எங்கும் விடவில்லை, கவனித்தீர்களா? மார்கழிப் பனிக்கும் இதற்கும் யாரும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ‘உறைவு’ மட்டும் போதும்.

பொள்ளாச்சியிலிருந்து:

கவனித்தேன். சுடுவளி, சட்டை, மடை, உறைவு, சூடேற்றி: ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘தொண்டை’க்கு மட்டும் யாராவது மறுப்பு இருந்தால் எழுதுங்க.